பதின்பருவக் கண்களும் பறிபோன வெயிலும்

தென்கொரியத் தலைநகர் சியோலில், கட்டாய ராணுவப் பணிக்கான உடற்தகுதிச் சோதனைக்கு 2010ஆம் ஆண்டு வந்த 19 வயது இளைஞர்களில் 96.5 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை, அதாவது அருகிலிருப்பவை தெளிவாகவும் தொலைவிலிருப்பவை மங்கலாகவும் தெரியும் குறைபாடு, இருந்தது. கைப்பேசியால்தான் பிள்ளைகளின் கண் கெடுகிறது என்று வாதிடுவோர் இந்த எண்ணை ஆவலோடு எடுத்துக்காட்டக்கூடும். ஆனால் ஐபோன் அந்நாட்டில் விற்பனைக்கு வந்ததே 2009 இறுதியில்தான் என்பதால், பழியை முழுவதும் திரையின் மீது சுமத்துவது பொருந்தாது.

விழிக்கோளம் முன்பின்னாக ஏறத்தாழ 24 மி.மீ. அளவை எட்டியதும் வளர்ச்சி நிற்க வேண்டும். நிற்காமல் நீண்டால், ஒளி விழித்திரையை அடையுமுன்பே குவிந்து காட்சி மங்கும். ஒரு மி.மீ. கூடினாலே, கண்ணாடிக் கடைகளில் ‘மைனஸ் பவர்’ எனப்படுவது இரண்டரை டயாப்டர் அளவுக்கு ஏறிவிடும். இந்த நீட்சியைத் தடுப்பது, பிரகாசமான ஒளி படும்போது விழித்திரையில் சுரக்கும் டோபமின் என்னும் வேதிப்பொருள் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். வெளிச்சத்தை அளக்கும் அலகான லக்ஸ் கணக்கில், வகுப்பறை விளக்குகள் தருவது சில நூறு மட்டுமே. வெட்டவெளியிலோ பகலில் அது பத்தாயிரத்தைத் தாண்டும். முன்பு பாடப்புத்தகமும் டியூஷனும் விழுங்கிய அந்தப் பகலில் எஞ்சியதை, இன்று முகத்துக்கு ஒரு சாண் தொலைவில் பிடித்த கைப்பேசி விழுங்குகிறது.

சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளில் நடந்த ஆய்வு பகல் வெளிச்சத்தின் இந்தப் பயனுக்குச் சான்று. நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் விடப்பட்ட முதல் வகுப்புப் பிள்ளைகளில் மூன்றாண்டுகளில் 30.4 விழுக்காட்டினருக்கும், வழக்கம்போல் பயின்றவர்களில் 39.5 விழுக்காட்டினருக்கும் கிட்டப்பார்வை புதிதாக ஏற்பட்டதாக 2015இல் வெளியான அதன் முடிவு கூறுகிறது. தைவானோ 2010 முதலே தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளை நாளுக்கு 120 நிமிடம் வெளியில் இருக்க ஊக்குவித்து வருகிறது.

திரையிலிருந்து கண்ணைக் காக்கும் என்று விற்கப்படும், நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிகளோ, கணினிப் பணியால் வரும் கண் சோர்வைக்கூடக் குறைப்பதாகத் தெரியவில்லை என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட மதிப்பாய்வு கூறியபின்னும், விற்பனையாகிக்கொண்டுதான் இருக்கின்றன.

நீண்டுவிட்ட விழி மீண்டும் சுருங்குவதில்லை. மைனஸ் ஆறைக் கடந்த கண்களுக்குப் பிற்காலத்தில் விழித்திரை விலகல், கண் அழுத்த நோய் போன்ற ஆபத்துகள் கூடுகின்றன. ஆகவே பெற்றோர் கைப்பேசியைப் பிடுங்கி வைத்துவிட்டு அதே பிள்ளையை அறைக்குள் புத்தகத்தோடு அடைப்பதில் பயனில்லை. பள்ளிகளும் விளையாட்டு வகுப்பைக் கணக்குப் பாடத்துக்குத் தாரைவார்ப்பதை இனியாவது நிறுத்த வேண்டும்.