வீலும் சக்கரமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்

‘சைக்கிள் சக்கரம்’ என்கிறோம். இரண்டுமே தமிழுக்கு வெளியிலிருந்து வந்த சொற்கள். ‘சைக்கிள்’ ஆங்கிலம் வழியாகக் கிரேக்கத்திலிருந்து வந்தது; ‘சக்கரம்’ சம்ஸ்கிருதத்திலிருந்து வந்தது. இவற்றின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் இரண்டும் ஒரே வாசலில் போய் நிற்கின்றன. ஆங்கிலத்தின் ‘வீல்’ என்ற சொல்லும் அந்த வீட்டுப் பிள்ளைதான். காதால் கேட்டால் ‘சக்ர’, ‘வீல்’ இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் இவை ஒரே மூலத்துச் சொற்கள் என்பதில் மொழியியலாளர்களுக்குச் சந்தேகமே கிடையாது.

மாற்றத்துக்கும் ஒழுங்கு உண்டு

இதைப் புரிந்துகொள்ளக் கர்நாடகம் வரை போனால் போதும். நம் பால் அங்கே ஹாலு. பல் ஹல்லு, புலி ஹுலி, பத்து ஹத்து. பழைய கன்னடக் கல்வெட்டுகளில் இச்சொற்கள் பகரத்தில்தான் தொடங்கின; காலப்போக்கில் அது ஹகரமானது. ஒரே ஒரு சொல் மாறியிருந்தால் தற்செயல் என்று தள்ளிவிடலாம். வரிசையாக மாறியிருப்பதால் அதை ஒலிவிதி என்கிறோம்.

ஐரோப்பாவிலும் இப்படி ஒரு விதி உண்டு. 1818-இல் டென்மார்க்கின் ராஸ்மஸ் ராஸ்க் அதைக் கவனித்து எழுதினார். தம்பியோடு சேர்ந்து நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்துப் புகழ்பெற்ற யாகோப் கிரிம், 1822-இல் அதை முறைப்படுத்தினார். லத்தீனின் ‘ப’ ஆங்கிலத்தில் ‘ஃப’ ஆகிறது: பாத்தெர், ஃபாதர். ‘க’ ‘ஹ’ ஆகிறது: கோர்னு, ஹார்ன். ‘க்வ’ ‘ஹ்வ’ ஆகிறது: லத்தீனின் ‘க்வோத்’ பழைய ஆங்கிலத்தில் ‘ஹ்வாட்’, இன்று ‘வாட்’.

இனி சக்கரத்துக்கு வருவோம். சம்ஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன், ஆங்கிலம் ஆகியவற்றின் பொது மூதாதையான மூல இந்தோ-ஐரோப்பிய மொழியில் அதன் வடிவம் ‘*க்வெக்வ்லோஸ்’ என்று மீட்டுருவாக்கியிருக்கிறார்கள். எழுத்துச் சான்று கிடைக்காத, ஒப்பிட்டுக் கண்டடைந்த வடிவம் என்பதற்கு அடையாளமே முன்னால் நிற்கும் நட்சத்திரக் குறி. ஆங்கிலத்தின் மூதாதை மொழியில் ‘க்வ’ ‘ஹ்வ’ ஆனது. பழைய ஆங்கிலத்தில் அது ‘ஹ்வெயோல்’, இன்று ‘வீல்’. சம்ஸ்கிருதத்திலோ எகரத்துக்கு முன் வந்த ‘க்வ’ சகரமானது. லத்தீனில் ‘க்வின்க்வெ’ என்ற ஐந்து, சம்ஸ்கிருதத்தில் ‘பஞ்ச’ என்று முடிவதும் இதனால்தான். பிறகு எகரம் அகரமாயிற்று, லகரம் ரகரமாயிற்று, ‘சக்ர’ பிறந்தது. கிரேக்கத்தில் அதே சொல் ‘குக்லோஸ்’. சீனாவின் மேற்கே தாரிம் படுகையில் வழங்கி மறைந்த தொகாரியத்தில் அது ‘கோகலே’. அங்கே பொருள் தேர்.

மூலத்தில் இருப்பது ‘*க்வெல்’ என்ற வேர், பொருள் சுழலுதல். நாம் ‘சுற்றிச் சுற்றி’ என்பதுபோல் அந்த வேரை இரட்டித்துச் சக்கரத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். வானம் சுழலும் அச்சுக்குக் கிரேக்கர் வைத்த ‘போலோஸ்’ என்ற பெயரும் இதே வேர். வடதுருவத்தை ஆங்கிலத்தில் ‘போல்’ என்பது அதன் வழியாகத்தான்.

ஒரே மாதிரி ஒலித்து நம்மை ஏமாற்றும் சொற்களும் உண்டு. ஆங்கில ‘ஹேவ்’, லத்தீன் ‘ஹபேரெ’ இரண்டுக்கும் ‘வைத்திருத்தல்’ என்றே பொருள், ஆனாலும் உறவில்லை. லத்தீன் ககரம்தானே ஆங்கில ஹகரம்? ‘ஹேவ்’ என்பதன் உண்மையான உறவு, பிடித்தல் என்று பொருள்படும் லத்தீன் ‘கபேரெ’.

சொல் காட்டும் காலம்

சக்கரம் தனியாக வரவில்லை. நுகத்தடி சம்ஸ்கிருதத்தில் யுக, லத்தீனில் இயுகும், ஆங்கிலத்தில் யோக். அச்சு சம்ஸ்கிருதத்தில் அக்ஷ, லத்தீனில் அக்ஸிஸ். வண்டியின் உறுப்புகளுக்கே பொதுப்பெயர் இருப்பதால், அந்த மூலமொழியைப் பேசியவர்கள் வண்டியை அறிந்திருந்தார்கள் என்று முடிவு செய்கிறார்கள். சக்கர வண்டிக்கான தொல்லியல் சான்றுகள் ஏறத்தாழ கி.மு. 3500-இல்தான் தொடங்குகின்றன. ஆகவே பெரும்பாலான கிளைகள் அதற்குப் பிறகே பிரிந்திருக்க வேண்டும். பேசியவர்களின் தாயகம் கருங்கடலுக்கு வடக்கே உள்ள புல்வெளி என்பது தொல்லியலாளர் டேவிட் ஆந்தனி உள்ளிட்டோரின் வாதம். அனதோலிய (இன்றைய துருக்கி) உழவர்களோடு இன்னும் முன்பே பரவிய மொழி அது என்று 1987-இல் இன்னொரு தொல்லியலாளர் காலின் ரென்ஃப்ரூ வாதிட்டார். சுழல் என்ற வேரிலிருந்து சக்கரத்தின் பெயரை ஒவ்வொரு மொழியும் தனித்தனியே ஆக்கியிருக்கலாம் என்று சொல்வோரும் உண்டு. விவாதம் முடியவில்லை. சொற்களின் உறவு மட்டும் எல்லாத் தரப்புக்கும் பொது.

கணிப்பு மெய்யானது

இப்படிச் சொற்களை ஒப்பிட்டு மூலத்தை மீட்டுருவாக்கும் முறை வெறும் கற்பனை என்போருக்குப் பதிலாக ஒரு வரலாறு இருக்கிறது. ஃபெர்தினான் த சொசூர் என்ற இளைஞர், 21 வயதில், உயிரொலிகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் அச்சிடப்பட்ட ஆண்டு 1879. மூலமொழியில் சில ஒலிகள் இருந்து அன்று தெரிந்த எல்லாக் கிளைகளிலும் மறைந்துபோயின. பல நெட்டுயிர்கள் அவை விட்டுச்சென்ற தடம் என்றார். அவரிடம் இருந்தது கணக்கு மட்டுமே. 1913-இல் அவர் இறந்தார். 1915-இல் பெட்ரிக் ஹ்ரோஸ்னி, துருக்கியில் அகழ்ந்தெடுத்த களிமண் பலகைகளைப் படித்து, ஹிட்டைட் ஓர் இந்தோ-ஐரோப்பிய மொழி என்று காட்டினார். காத்தல் என்பதற்குச் சம்ஸ்கிருதத்தில் ‘பா’ என்று நெடிலாக உள்ள வேர், ஹிட்டைட்டில் ‘பஹ்ஸ்’. சொசூர் சொன்ன இடத்தில் ஓர் ஒலி எழுத்திலேயே இருந்தது! 1927-இல் மொழியியலாளர் குரிலோவிச் இந்தப் பொருத்தத்தை எடுத்துக்காட்டினார்.

நமக்கு என்ன?

சம்ஸ்கிருதத்தை ஆங்கிலத்தோடு இணைத்த அதே ஒப்பீட்டு ஒழுங்குதான் தமிழையும் தெலுங்கையும் கன்னடத்தையும் தனிக் குடும்பம் என்று காட்டியது. 1816-இல் சென்னையில் எஃப். டபிள்யூ. எல்லிஸ், காம்ப்பெல்லின் தெலுங்கு இலக்கணத்துக்கு எழுதிய முன்னுரையில் வேர்ச்சொற்களை வரிசைப்படுத்தி அதை நிறுவினார். 1856-இல் கால்டுவெல் அதை விரித்தார். தமிழின் தனித்தன்மைக்கு அறிவுலகில் கிடைத்த வலுவான சான்று அது.

அதனால்தான், தமிழ்ச் சொல்லையும் தொலைதூர மொழிச் சொல்லையும் ஒலியை மட்டும் வைத்து முடிச்சுப்போடும் பதிவுகளைப் பார்க்கையில் வருத்தமாக இருக்கிறது. அப்படி ஒன்று கைபேசிக்கு வந்தால் இரண்டு கேள்விகள் கேளுங்கள். இதே ஒலிமாற்றம் வேறு எந்தச் சொற்களில் நடந்திருக்கிறது? இரவலாக வந்த சொல் இல்லை என்பதற்கு என்ன ஆதாரம்? இரண்டுக்கும் பதில் இருந்தால் தாராளமாகப் பகிருங்கள். பதில் இல்லாத பெருமை தமிழுக்குத் தேவையில்லை. சோதித்துப் பார்த்து நிலைத்த பெருமையே அதற்கு நிறைய இருக்கிறது.