காமா வீட்டுக் கதவு

அரிவாளணுச் சோகைக்கான காஸ்ஜெவி என்ற மரபணுத் திருத்தச் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தபோது, பிழைபட்ட மரபணுவே சரிசெய்யப்பட்டுவிட்டது என்ற தொனியில் செய்திகள் பரவின. ஆனால் சிகிச்சை பெற்றவரின் உடலில் பிழைபட்ட பீட்டா குளோபின் மரபணு பழையபடியேதான் இருக்கிறது. கருவிலுள்ள சிசுவின் ஹீமோகுளோபினுக்கு உதவிவிட்டு, பிறந்தபின் மெல்ல மூடப்படும் காமா குளோபின் மரபணுவை அச்சிகிச்சை மீண்டும் திறக்கிறது.

பதினோராம் குரோமோசோமில் எப்சிலான், இரண்டு காமாக்கள், டெல்டா, பீட்டா ஆகியவை ஏறத்தாழ அவை வேலை செய்யும் பருவ வரிசையிலேயே நிற்கின்றன. அவற்றுக்கு முன்னால், தான் எந்தப் புரதத்தையும் ஆக்காமல் மற்றவற்றை முடுக்கிவிடும் எல்.சி.ஆர். என்ற டி.என்.ஏ. பகுதி, தெருமுனையில் நிற்கும் தண்ணீர் லாரிபோல் இருக்கிறது. லாரியில் உள்ளது ஒரே ஹோஸ், டி.என்.ஏ. வளைந்து கண்ணியாகும்போது அது ஒரு நேரத்தில் ஒரு வீட்டுக்குத்தான் எட்டுகிறது என்பதால், அத்தகைய தெருக்களில் வழக்கமான சண்டை இங்கும் உண்டு. பிறந்தபின் பி.சி.எல்.11ஏ என்ற புரதம் காமா மரபணுவின் தொடக்கத்துக்கு ஏறத்தாழ 115 எழுத்துகள் முன்பாக அமர்ந்து கதவைச் சாத்துகிறது. அது அழைத்துவரும் புரதக் கூட்டம், டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன்களிலிருந்து அசிட்டைல் தொகுதிகளை நீக்கி அவ்விடத்தை இறுக்கமாக்குவதும், சைட்டோசின் எழுத்துகளில் மெத்தில் தொகுதிகள் ஒட்டிக்கொள்வதும் கதவுக்குப் பின்னால் மூட்டை அடுக்குவதற்கு ஒப்பாகும். மரபணுவின் ஓரெழுத்தும் மாறாமல் அதன் பயன்பாடு மட்டும் மாறும் இதுவே எபிஜெனெடிக்ஸ் எனப்படுகிறது. ஹோஸ் பீட்டா வீட்டுக்குப் போய்விடுகிறது. இவை யாவும் எலும்பு மஜ்ஜையிலுள்ள முன்னோடி அணுக்களில் நடப்பவை. முதிரும் சிவப்பணு தன் உட்கருவையே வெளியேற்றிவிடுவதால், உவமைப்படி பார்த்தால் கடைசியில் லாரியோடு தெருவும் காலியாகிறது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்வதானால், காமா வீட்டுக் கதவு இன்னும் முழுதாக மூடப்படாத, பிறந்த குழந்தைகளிடம் அரிவாளணுக்கள் குறைவு என்பதை 1948இல் ஜேனட் வாட்சன் நியூயார்க்கில் கவனித்தார், மெத்தில் தொகுதிகளைக் குறைக்கும் அசாசைட்டிடின் 1982இல் பபூன் குரங்குகளில் சிசு ஹீமோகுளோபினை உயர்த்தியது, பி.சி.எல்.11ஏயின் பங்கை 2008இல் விஜய் சங்கரன், ஸ்டூவர்ட் ஆர்கின் குழுவினர் காட்டினர்.

சிகிச்சையின் நுட்பம் வெட்டப்படும் இடத்தில் இருக்கிறது. பி.சி.எல்.11ஏ வேறு அணுக்களுக்கும் தேவை என்பதால் அதை முற்றாக ஒழிக்க முடியாது. ஆகவே அப்புரதத்தை ஆக்கும் மரபணுவுக்குள்ளேயே, சிவப்பணு மரபில் மட்டும் அதை ஊக்குவிக்கும் சிறு பகுதி குருத்தணுக்களில் வெட்டப்படுகிறது. காவலாளிக்குச் சம்பளம் ஒரு தெருவில் மட்டும் நிறுத்தப்படுகிறது.

திருத்திய அணுக்களை உடலில் செலுத்தும் முன் கடும் கீமோ மருந்தால் நோயாளியின் மஜ்ஜையைக் காலிசெய்ய வேண்டும். அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட விலை 22 லட்சம் டாலர். இந்தியாவில் இந்நோய்க் கூறு முதன்முதலில் 1952இல் பதிவானது நீலகிரிப் பழங்குடியினரிடம். அங்கும் பிற இடங்களிலும் இப்போதைக்கு எட்டக்கூடியது ஹைட்ராக்சியூரியா என்ற மலிவான பழைய மருந்து. அதுவும் காமாவை ஓரளவு உயர்த்துகிறது, எந்த வழியில் என்பதில்தான் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை.