அரசின் கை எதுவரை நீளலாம்?

ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துத் திருத்தணி மலையேறும் கூட்டத்தில் ஒருவருக்குத் தொற்றுநோய் கண்டால், அவர் மறுத்தாலும் அவரை மருத்துவமனையில் சேர்க்கலாமா என்ற கேள்விக்குச் சட்டம் 1939-இலேயே விடை எழுதிவிட்டது. அவ்வாண்டு சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட பொதுச் சுகாதாரச் சட்டம், முறையான தங்குமிடமோ மருத்துவக் கண்காணிப்போ இல்லாத தொற்றுநோயாளியையும், ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் வாழும் இடத்தில் தங்கியுள்ள தொற்றுநோயாளியையும் மருத்துவமனைக்கு அகற்றச் சுகாதார அலுவலருக்கு அதிகாரம் தருகிறது.

ஆயினும் நோயாளியைத் தனிமைப்படுத்துவதும் அவர் உடலில் மருந்தைச் செலுத்துவதும் ஒன்றல்ல. தன் உடலில் எந்த மருந்து செல்லலாம், எந்த அறுவை நடக்கலாம் என்பதைத் தானே முடிவுசெய்யும் உரிமையே உடல்சார் தன்னுரிமை. அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு காக்கும் வாழ்வுரிமைக்குள் இதுவும் அடங்கும். சோதனைக்கு மட்டும் இசைந்து மயக்கத்தில் இருந்த பெண்ணின் கருப்பையை, அவருடைய தாயிடம் ஒப்புதல் பெற்று அகற்றியது தவறென்று உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்ததும் தன் உடலைப் பற்றித் தானே முடிவெடுக்கும் உரிமையின் அடிப்படையில்தான்.

இவ்வுரிமையும் 1939-ஆம் ஆண்டுச் சட்டமும் நேருக்கு நேர் மோதியது கொரோனாக் காலத்தில். தடுப்பூசி போட்டவர்களையே பொது இடங்களில் அனுமதிக்கவேண்டுமென்று 2021 நவம்பரில் தமிழகப் பொதுச் சுகாதாரத் துறை அச்சட்டத்தின்கீழ் ஆணையிட்டது. இத்தகைய ஆணைகளை எதிர்த்து ஜேக்கப் புலியேல் தொடர்ந்த வழக்கில் 2022 மே 2 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், எவரையும் வற்புறுத்தி ஊசி போடக் கூடாது என்றது. சமூக நலனுக்காகக் கட்டுப்பாடு விதிக்கலாமெனினும் அதற்குச் சட்டமும் தேவையும் அளவும் பொருந்தவேண்டும் என்றது. ஊசி போடாதவர் போட்டவரைவிட அதிகமாக நோயைப் பரப்புகிறார் என்பதற்குச் சான்று வைக்கப்படாததால், அவருக்கு மட்டும் தடை விதிப்பது அளவுக்கு மீறியது என்பது அதன் முடிவு. பெரியம்மை ஊசியை மறுத்தவர்மீதான தண்டனையை 1905-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தபோதும், அங்கே விதிக்கப்பட்டிருந்தது 5 டாலர் அபராதமே; அவரைப் பிடித்து வைத்து ஊசி போடவில்லை.

மனநோயில் நிலைமை வேறு: அங்கே நோயாளியின் முடிவெடுக்கும் திறனே ஐயத்துக்குள்ளாகலாம். அதனால் 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், நோயாளியின் விருப்பமின்றியும் மருத்துவமனையில் சேர்க்க இடமளிக்கிறது. ஆனால் முதற்கட்டமாக 30 நாளுக்கே. சேர்க்கையை எதிர்த்து மனநல மறுஆய்வு வாரியத்தில் முறையிடலாம். தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று நலமாக இருக்கும்போதே எழுதிவைக்கவும் வழியுண்டு.

கட்டாயத்துக்கு நல்லெண்ணம் மட்டும் போதிய நியாயமாகாது. பிறருக்கு நேரும் ஆபத்துக்குச் சான்று, கட்டாயம் நீடிக்கும் காலத்துக்கு வரம்பு, மறுத்தவர் முறையிட ஓர் இடம் ஆகிய மூன்றும் இருக்கவேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அது சிகிச்சை ஆகாது, அதிகாரமே ஆகும்.