கல்லெழுத்து வாசிக்க என்ன தெரிய வேண்டும்?

"கல்வெட்டுப் படிக்க பிராமி எழுத்து தெரிஞ்சா போதுமா, மேடம்?" ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் சேரும் பிள்ளைகளில் ஒருவராவது இதைக் கேட்டுவிடுவார். பதில் சொல்வதற்கு முன் ஒரு வாளித் தண்ணீரையும் பிரஷ்ஷையும் அவர் கையில் கொடுத்துவிடுவேன்.

படியெடுப்பதுதான் முதல் பாடம். கல்லில் படிந்த பாசியையும் சுண்ணாம்பையும் கழுவி, தாளை நனைத்து ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி ஒவ்வோர் எழுத்தின் பள்ளத்துக்குள்ளும் இறக்க வேண்டும். ஈரம் மிகுந்திருக்கையில் மை ஒற்றினால் பரவிவிடும். அதிகம் காய்ந்தால் தாள் கல்லைவிட்டு எழும்பிவிடும். நடுவில் இருக்கும் அந்தப் பதத்தைப் புறங்கையால் தொட்டுத்தான் அறிய முடியும். எனக்கு அது பிடிபட இரண்டு ஆண்டுகள் ஆயின.

பிறகு மொழி. இதற்கு மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளத்தைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. அந்தக் குகைக் கல்வெட்டுகளை ராபர்ட் சீவெல் 1882-இல் கண்டார். பிராமி அறிந்தவர்களுக்கும் அவை பிடிகொடுக்கவில்லை. அங்கே இருப்பது தமிழ் என்று 1924-இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் காட்டினார். வடக்குப் பிராமியில் இல்லாத ழ, ற, ன ஒலிகளுக்கு இங்கே தனி எழுத்துகள் உண்டு. அசோகன் கல்வெட்டில் 'க' என்று வாசிக்கும் வடிவம் இங்கே வெறும் 'க்'. அங்கே 'கா' ஆக்கும் பக்கக்கோடு இங்கே 'க' ஆகவும் வரும், 'கா' ஆகவும் வரும். எது என்று சொல்வது கண் அல்ல, தமிழ்தான். ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்த ஐராவதம் மகாதேவன் 1960-களிலிருந்து குகை குகையாக ஏறி இதை ஒழுங்குபடுத்தினார்; அவருடைய பெருநூல் வந்தது 2003-இல். ஆகவே இலக்கணத்தை ஒதுக்கிவிட்டு இந்தத் துறைக்கு வராதீர்கள் என்று கெஞ்சியே கேட்கிறேன்.

சோழர் காலக் கோயில் கல்வெட்டுக்கு வேறு தேர்ச்சி வேண்டும்: வட்டெழுத்து, கிரந்தம், கூடவே வேலி, மா, குழி, கழஞ்சு என்ற அளவுகள். தானத்தின் நடை மனப்பாடமாக இருந்தால், 'சந்திரா' என்பதோடு கல் உடைந்திருந்தாலும் அடுத்து 'தித்தவல்' என்று, அதாவது சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்று, கை தானே எழுதிவிடும். புகைப்படம், கணினி எல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிடலாம்.

எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத ஒன்றும் உண்டு. ஒருமுறை களப்பயணத்தில், ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரோடு என் மாணவி மரத்தடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். ஆட்டுக்கு வந்த நோய், பேத்தியின் கல்யாணம் என்று பேச்சு நீண்டது. மற்றவர்கள் வேனில் ஏறிவிட்டார்கள், அவள் எழுந்திருக்கவில்லை. கடைசியில் பெரியவர் கோலை ஊன்றி எழுந்தார்.

"மேல ஒரு பாறையில என்னமோ கீறி வச்சிருக்கு, தாயி. காட்டட்டுமா?"

வேனை நிறுத்தச் சொன்னேன்.