மூடிய கண்ணுக்கு மேலே இரண்டு மணி நேரம்

காசு கொடுப்பவர் வேலையைக் கண்ணால் பார்க்கவே முடியாத கடை ஒன்று உண்டென்றால் அது லேஷ் கடைதான்! முடி வெட்டும்போது எதிரே கண்ணாடி இருக்கும். மருதாணி போடும்போது கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். இமைமுடி ஒட்டும்போது? படுக்க வேண்டும், கண்ணை மூட வேண்டும், அவ்வளவுதான். இரண்டு மணி நேரம் கழித்துக் கண்ணாடியைக் கையில் கொடுப்பார்கள். "ஐயோ, என் கண்ணா இது!" என்று கத்திவிட்டு 128 வெள்ளியைக் கொடுத்துவிட்டு இறங்கி வருவோம். நடுவில் நம் மூக்குக்கு மேலே என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியவே தெரியாது.

எனக்கு இப்போது தெரியும்! மலேசியாவின் செமினியில் கடைவீட்டு மேல்மாடியில் லேஷ் கடை வைத்திருக்கும் ஓர் அக்காவிடம் கெஞ்சிக் கூத்தாடி, படுத்திருந்த பெண்ணின் சம்மதத்தையும் வாங்கி, அக்காவின் முக்காலிக்குப் பக்கத்திலேயே இன்னொரு முக்காலியைப் போட்டுக்கொண்டேன். பேசலாம், ஆனால் கட்டிலை இடிக்கக் கூடாது என்பது நிபந்தனை. மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். உங்களுக்காகவும் சேர்த்துத்தான்!

முதலில் மேல் இமையையும் கீழ் இமையையும் பிரிக்கிறார்கள். பிறை வடிவத்தில் ஒரு ஜெல் பேட், தொட்டால் சில்லென்று இருக்கிறது. அது கீழ் இமைமுடிகளை அப்படியே மூடிப் படுக்க வைத்துவிடும். ஓரங்களில் மருத்துவமனை டேப். அப்புறம் நுரை போட்டு இமையைக் கழுவுகிறார்கள், குட்டிக் குட்டித் தூரிகையால்! காலையில் போட்ட கண்மை, முந்தைய நாள் மஸ்காரா, வெயிலில் வழிந்த எண்ணெய்ப் பசை எல்லாம் போன பிறகுதான் வேலை தொடங்குகிறது. "மை போட்டுட்டு வராதீங்க சிஸ்னு சொன்னா யாருமே கேக்கிறது இல்ல லா," என்றார் அக்கா. மை இருக்கும் இடத்தில் குளூ பிடிக்காது.

பிறகு அந்த ஜெல் பேட்டின் மேலேயே பேனாவால் கோடு போட்டு எண்கள் எழுதினார் பாருங்கள், எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது! மூக்கோரம் 8, அடுத்து 9, 10, நடுவில் 11, வெளிக்கோடியில் 12. எல்லாம் மில்லிமீட்டர். இதற்கு லேஷ் மேப் என்று பெயர். வெளிக்கோடியை நீளமாக்கினால் கேட் ஐ, நடுவை நீளமாக்கினால் டால் ஐ. சுருளுக்கும் எழுத்துகள் உண்டு: J கிட்டத்தட்ட நேராக இருக்கும், B, C என்று போகப்போக வளையும், D நன்றாக மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். நேராகக் கீழ்நோக்கி வளரும் இமைமுடி உள்ளவர்களுக்கு அடிப்பகுதி மட்டும் தட்டையாக இருக்கும் L கர்ல் கைகொடுக்கும். ஒரே கண், ஆனால் ஐந்து அளவு, இரண்டு சுருள்! படுத்திருந்த பெண்ணுக்கு இது எதுவும் தெரியாது. அவர் லேசாகக் குறட்டை விட ஆரம்பித்திருந்தார்.

இப்போது இரண்டு ட்வீசர்கள். இடக்கையில் இருப்பது பிரிக்க, வலக்கையில் இருப்பது ஒட்ட. நம் மேல் இமையில் சுமார் 90 முதல் 150 முடிகள் இருக்கும். இடக்கை ட்வீசர் அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து ஒரே ஒரு முடியை மட்டும் தனியாக நிறுத்துகிறது. வலக்கை டிரேயிலிருந்து ஒரு செயற்கை முடியை உரித்து எடுக்கிறது, குளூ சொட்டில் அதன் அடிமுனையைத் தொட்டு எடுக்கிறது, தனியாக நிற்கும் முடியின் மேல் வைக்கிறது. இமைத்தோலில் படக் கூடாது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி விட்டு வைக்க வேண்டும். வைத்தாயிற்று, அடுத்தது. வைத்தாயிற்று, அடுத்தது. பிரிக்பீல்ட்ஸ் பூக்கடையில் கடகடவென்று மல்லிகை தொடுக்கும் விரல்களைப் பார்த்திருக்கிறீர்களா? அதே லயம்தான், ஆனால் இங்கே பூவின் தடிமன் 0.15 மில்லிமீட்டர்! ஒரு கண்ணுக்கு எண்பது, நூறு என்று ஒட்டி முடிக்கும்வரை அக்காவின் முதுகு நிமிரவே இல்லை.

வால்யூம் என்று ஒரு வகை இருக்கிறதே, அது இன்னும் மாயம். அதற்கு 0.05, 0.07 மில்லிமீட்டர் தடிமன் உள்ள மெல்லிய இழைகள். மூன்று நான்கு இழைகளைச் சேர்த்து எடுத்து, ட்வீசர் நுனியில் ஒரு சின்ன அசைவில் விசிறியாக விரித்து, அந்த விசிறியை ஒரே இமைமுடியில் ஒட்டுவார்கள். விலைப்பட்டியலில் 3D, 5D என்று போட்டிருப்பது இந்த இழைகளின் எண்ணிக்கைதான். ஒரு முடிமேல் மூன்று இழை என்றால் 3D. கையால் விரித்த விசிறிக்கு ஒரு விலை, தொழிற்சாலையிலேயே விரித்து ஒட்டி வந்த விசிறிக்கும் Y வடிவ முடிக்கும் அதைவிடக் குறைந்த விலை. வேலை சீக்கிரம் முடிந்துவிடும் அல்லவா!

அறையில் என்னை மிகவும் கவர்ந்தது குளூதான். கறுப்பாக ஒரே ஒரு சொட்டு, சின்னக் கல்தட்டின் மேல். அது சயனோஅக்ரிலேட் குடும்பம், வீட்டில் உடைந்த கோப்பையை ஒட்டும் சூப்பர் குளூவின் நெருங்கிய உறவு. 1942இல் அமெரிக்காவில் ஈஸ்ட்மன் கோடாக் ஆய்வாளர் ஹாரி கூவர், துப்பாக்கிக் குறிபார்க்கும் கருவிக்காகத் தெளிந்த பிளாஸ்டிக் ஒன்றைத் தேடியபோது இந்தப் பொருளைச் சந்தித்தார். தொட்டதையெல்லாம் ஒட்டிக்கொண்டதால் அதை ஒதுக்கிவைத்தார்கள். 1951இல் மறுபடி கையில் எடுத்தபோதுதான் அதன் அருமை புரிந்தது, 1958இல் பசையாகவே விற்பனைக்கு வந்தது. கண்ணுக்குப் போடும் குளூ அதற்கென்றே தனியாகத் தயாரிக்கப்படுவது. வீட்டு சூப்பர் குளூவை யாரும் கண் பக்கமே கொண்டு போகாதீர்கள்!

இந்தப் பசை காற்றில் இருக்கும் ஈரத்தால் இறுகும். இங்கேதான் நம் ஊர் வானிலை உள்ளே நுழைகிறது. குளூவுக்குப் பிடித்த ஈரப்பதம் பொதுவாக 40 முதல் 60 சதவீதம். செமினியில் பிற்பகல் மழை கொட்டும்போது வெளியே 80ஐத் தாண்டிவிடும். ஈரம் மிகுந்தால் குளூ முடியைத் தொடுவதற்கு முன்பே இறுகி, பொடிப்பொடியாகி, மூன்றாம் நாளே லேஷ் தலையணையில் உதிரும். அதனால்தான் சுவரில் ஈரப்பதம் காட்டும் கருவி, மூலையில் ஈரம் உறிஞ்சும் இயந்திரம், நாள் முழுக்க ஓடும் ஏர்கோன்! அக்கா இருபது, முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை பழைய சொட்டைத் துடைத்துவிட்டுப் புதுச் சொட்டு வைத்தார். போர்வை கொடுத்தும் குளிருகிறது என்று நாம் முணுமுணுப்போமே, அந்தக் குளிரும் நம் விலைக்குள் அடக்கம்.

சரி, எவ்வளவு? செமினி, காஜாங் பக்கம் வீட்டிலேயே ஓர் அறையை ஒதுக்கிச் செய்பவர்களிடம், ஒரு முடிக்கு ஒரு முடி ஒட்டும் கிளாசிக் ஏறக்குறைய 60 முதல் 100 வெள்ளி. கடைவீட்டு மாடியில் 88, 108, 128. விலைகள் எட்டில் முடிவதைக் கவனித்தீர்களா? சீனக் கடைகளின் அதிர்ஷ்ட எண், இப்போது தமிழ், மலாய்க் கடைகளிலும் குடியேறிவிட்டது! வால்யூம் என்றால் பெரும்பாலும் 128 முதல் 200 வரை. கீழ் இமைக்குத் தனியாக 30 முதல் 50. பழையதைக் கழற்ற 20, 30. அதே வேலை பங்சாரிலோ மோண்ட் கியாராவிலோ பெரிய மால் ஒன்றிலோ 200ஐத் தாண்டும், 400 கூடக் கேட்கும் இடங்கள் உண்டு. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் மணப்பெண் அலங்காரம் செய்பவர்கள் சேலை கட்டு, சிகை, முகம் எல்லாவற்றோடும் லேஷையும் ஒரே தொகையில் சேர்த்துவிடுவார்கள். அங்கே லேஷுக்கு மட்டும் எவ்வளவு என்று கேட்டுப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

செமினியில் விலை ஏன் இறங்கி நிற்கிறது? ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்களாக இருந்த ஊர். இன்று தாமான் மேல் தாமானாகப் புதுக் குடியிருப்புகள். கடை வாடகை கோலாலம்பூரை எட்டவில்லை. 2005இலிருந்து புரோகா சாலையில் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக வளாகமும் இருக்கிறது, மாணவிகள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். மாணவியின் பணப்பை 300 வெள்ளி லேஷைத் தாங்காது. அதனால் கடைகள் 88இல் நின்று போட்டி போடுகின்றன. நமக்குக் கொண்டாட்டம்தான்!

ஆனால் அருகில் உட்கார்ந்து பார்த்த பிறகு அந்த 128 எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது. செயற்கை முடி ஒன்றும் பெரிய விலையில்லை. பன்னிரண்டு வரிசை கொண்ட ஒரு டிரே சில பத்து வெள்ளிக்குக் கிடைக்கும், பல பேருக்கு வரும். மிங்க், பட்டு என்று பெயர் போட்டிருந்தாலும் பெரும்பாலானவை பிபிடி என்னும் செயற்கை இழைதான். மிங்க் விலங்கும் இல்லை, பட்டுப்பூச்சியும் இல்லை. சீனாவின் ஷாண்டோங்கில் பிங்டு என்ற ஊர் உலகத்துக்கே பொய் இமை செய்கிறது. நமக்குப் பக்கத்திலேயே, நடு ஜாவாவின் புர்பாலிங்காவில், ஆயிரக்கணக்கான பெண்கள் கையால் கட்டும் பொய் இமைகள் உலகம் முழுக்க ஏற்றுமதியாகின்றன. முடி வந்துவிடும். வராதது இரண்டு மணி நேரம் நடுங்காத கை!

கணக்குப் பாருங்கள். நம் நாட்டுக் குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் மாதம் 1,700 வெள்ளி ஆனது, மணிக்கு 8 வெள்ளி 17 காசு. அக்கா ஒரு பெண்ணுக்கு 128 வாங்கும்போது மணிக்கு 64 என்று தோன்றும். அதில் வாடகை, மின்சாரம், குளூ, ஒருமுறை போட்டுத் தூக்கியெறியும் பேட், ட்வீசர் கழுவி நுண்ணுயிர் நீக்கும் நேரம் எல்லாம் போக வேண்டும். குளூ புட்டி திறந்தால் நான்கு முதல் எட்டு வாரங்களுக்குள் மாற்றியாக வேண்டும், பாதி மிச்சம் இருந்தாலும்! ஒரு நாளைக்கு மூன்று பேர் வந்தால் நல்ல நாள். செவ்வாய்க்கிழமை ஒருவர்கூட வராமல் போகும். கண்ணும் முதுகும் எத்தனை வருடம் தாங்கும் என்ற கேள்வி வேறு. 128 வெள்ளி அதிகம் என்று இனி என் வாயால் சொல்ல மாட்டேன்.

இந்தத் தொழிலில் நம் பெண்கள் இறங்குவதைப் பார்க்கும்போது நெஞ்சு நிறைகிறது. கட்டில், விளக்கு, பயிற்சி வகுப்பு என்று தொடக்கச் செலவுக்குப் பணம் வேண்டுமே. 2024இல் அமானா இக்தியார் என்னும் சிறுகடன் அமைப்பு வழியாக இந்தியப் பெண்களுக்கென்று 5 கோடி ரிங்கிட்டில் 'பெண்' கடன் திட்டம் வந்தது. சிறு வணிகர்களுக்குக் கடன் தரும் தெக்குனின் ஸ்பூமி கடனும் இருக்கிறது. இன்னொரு பயமும் தீர்ந்தது: 2025 ஜூலையில் சேவை வரி விரிவானபோது அழகு நிலையங்களும் பட்டியலில் இருந்தன. கடைசி நேரத்தில் அரசாங்கம் அவற்றை விலக்கியது. அப்பாடா!

வாங்குபவர் கணக்கில் எல்லாரும் மறப்பது ரீஃபில். இயற்கையான இமைமுடி தானாகவே தினமும் ஒன்று முதல் ஐந்து வரை உதிரும், ஒட்டியிருக்கும் லேஷும் அதோடு போய்விடும். கடைக்காரரின் குற்றமில்லை, உடம்பின் இயல்பு. மூன்று வாரத்தில் ஓட்டை தெரியும். அதை நிரப்பும் ரீஃபிலின் விலை முதல் விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். 128இல் தொடங்கி, மூன்று வாரத்துக்கு ஒருமுறை 70 என்று வருடம் முழுக்கப் போனால் ஏறக்குறைய 1,300 வெள்ளி! கல்யாணத்துக்கு ஒருமுறை, தீபாவளிக்கு ஒருமுறை என்று போடுபவர்களுக்கு இந்தக் கவலை கிடையாது.

38 வெள்ளி என்று முகநூலில் விளம்பரம் கண்டால் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். முப்பது நிமிடத்தில் முடித்துத் தருகிறேன் என்பவரின் இடக்கை ட்வீசர் முடிகளைத் தனித்தனியாகப் பிரித்திருக்காது. நாலைந்து முடிகள் ஒன்றாக ஒட்டிக்கொண்டால், ஒன்று வளர இன்னொன்றை இழுக்கும். வலிக்கும், வேரோடு வரும். குளூவின் ஆவி சிலருக்குக் கண்ணை வீங்க வைக்கும். முதல்முறை போடுபவர் ஒரு நாள் முன்பே போய் நாலைந்து முடி மட்டும் ஒட்டிச் சோதித்துக்கொள்வது நல்லது. சோதிக்கலாமா என்று கேட்டதும் சலித்துக்கொள்ளும் கடைக்குப் போகவே வேண்டாம். சிவப்பு, வீக்கம், எரிச்சல் வந்தால் நீங்களே பிய்க்காதீர்கள். கழற்றச் சொல்லுங்கள், டாக்டரைப் பாருங்கள்.

அப்புறம் எண்ணெய்! எண்ணெய் பட்டால் குளூவின் பிடி தளரும் என்று எல்லா லேஷ் கடைக்காரர்களும் தலையில் அடித்துக்கொண்டு சொல்வார்கள். நம் வீட்டிலோ தீபாவளி விடியற்காலையில் பாட்டி நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு காத்திருப்பார்! முந்தின வாரம்தான் லேஷ் போட்டிருப்போம். அக்காவிடம் இதற்கு வழி இருக்கிறது. உச்சந்தலையில் மட்டும் வைக்கச் சொல்லுங்கள், நெற்றிக்கு மேலே ஒரு துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள், தலையைப் பின்னால் சாய்த்து அலசுங்கள், கடைசியில், கடையில் கொடுத்தனுப்பும் குட்டித் தூரிகையால் இமையைச் சீவிவிடுங்கள். பாட்டியும் மகிழ்வார், லேஷும் பிழைக்கும்.

தீபாவளி வாரத்துக்கு இடம் பிடிப்பதுதான் பெரும்பாடு. பல கடைகளில் பண்டிகை வாரத்துக்கு 10, 20 வெள்ளி கூடுதல், முன்பணம் 30. தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமைக்கு அக்கா எடுப்பது நான்கே பேர். நான் முக்காலியிலிருந்து எழுந்தபோது மூன்று இடம் போய்விட்டிருந்தது. நான்காவது என்னுடையது. C கர்ல், 11 மில்லிமீட்டர், கேட் ஐ!