இமையில் கட்டியா? தள்ளிப் போடாதீர்கள்!

கடையை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போவது என்றால் நம் வியாபாரிகளுக்கு மனசே வருவதில்லை. "பௌர்ணமி முடியட்டும், தீபம் முடியட்டும்" என்று தள்ளிக்கொண்டே போவோம். வேங்கிக்காலில் மளிகைக் கடை வைத்திருக்கும் நம் அன்பர் ஒருவர், அறுபதைத் தாண்டியவர், மேல் இமையில் வந்த சிறு கட்டியை எட்டு மாதம் இப்படியே விட்டுவிட்டார். கேட்டால், "வலியே இல்லையே, கண்கட்டிதானே!" என்பார். அவருக்கு நேர்ந்ததைப் பார்த்த பிறகு, கண் டாக்டர்களிடம் நாம் விசாரித்து அறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

இரண்டு வகை

நம் மேல் இமையில் சுமார் 30, கீழ் இமையில் சுமார் 25 எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளன. கண்ணீர் சீக்கிரம் உலர்ந்து போகாமல் காப்பது இந்த எண்ணெய்தான். இமை ஓரத்தில் கிருமி புகுந்து, சிவந்து, வலியோடு சீழ் பிடிப்பது கண்கட்டி. சுரப்பியின் வாய் அடைத்து எண்ணெய் உள்ளேயே தங்கி, வலியில்லாமல் உருண்டையாக நிற்பது இன்னொரு வகை. டாக்டர்கள் இதைக் கலேசியன் என்பார்கள்.

கண்ணின் உள்மூலையை ஒட்டி மஞ்சளாகத் தட்டையாகப் படிவது கட்டியல்ல, கொழுப்பு. அது கண்ணைக் கெடுக்காது. ஆனால் ரத்தத்தில் கொலஸ்ட்ராலைப் பார்த்துக்கொள்வது நல்லது.

வீட்டில் செய்யக்கூடியது

இரண்டு வகைக்கும் முதல் வைத்தியம் வெந்நீர் ஒத்தடம். சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, புறங்கையில் சூடு பார்த்து, மூடிய இமைமேல் 10 நிமிடம் வைக்க வேண்டும். தினம் மூன்று நான்கு வேளை செய்யலாம். கண்கட்டி பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். கலேசியன் கரைய மாதம் ஆகலாம்.

நாமக்கட்டி, கிராம்பு இழைத்துப் போடுவதை விட்டுவிடுங்கள். இரண்டும் நம் கடைச் சரக்குதான், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்: கண்ணுக்குள் போனால் எரிச்சலும் புண்ணும் மிஞ்சும். கட்டியை நசுக்கவும் கூடாது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தைத் தொடர்ந்து போட்டால் கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெடும். மிளகாய் மூட்டை தொட்ட கையாலும், தோளில் கிடக்கும் துண்டாலும் கண்ணைத் துடைக்காதீர்கள்.

எப்போது ஓட வேண்டும்?

இமை முழுவதும் வீங்கினாலும், காய்ச்சல் வந்தாலும், கண்ணை அசைக்க வலித்தாலும், பார்வை மங்கினாலும், இரண்டிரண்டாகத் தெரிந்தாலும் அன்றே போக வேண்டும். குழந்தைகளுக்கு என்றால் ஒரு மணி நேரம் கூடத் தாமதம் வேண்டாம். அடிக்கடி கண்கட்டி வந்தால் சர்க்கரை சோதித்துக்கொள்ளுங்கள்.

ஐம்பதைத் தாண்டியவர்கள் இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் கரையாத கட்டி, எடுத்த பிறகும் அதே இடத்தில் திரும்ப வரும் கட்டி, இமை முடி உதிரும் கட்டி, ரத்தம் கசியும் கட்டி ஆகியவை வேறாக இருக்கலாம். எண்ணெய்ச் சுரப்பியில் வரும் புற்றுநோய் கலேசியன் போலவே தோன்றும். மேல்நாடுகளில் இது அபூர்வம், நம் நாட்டில் அப்படியல்ல. ஹைதராபாத் எல்.வி.பிரசாத் கண் மருத்துவமனையினர் இமைப் புற்றுநோய் வந்த 536 பேரை ஆராய்ந்ததில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த வகைதான்.

நம் அன்பருக்கும் அதுவே. எடுத்த சதையைச் சோதனைக்கு அனுப்பியதால் தெரிந்தது. உயிருக்கும் பார்வைக்கும் பழுதில்லை. ஆனால் இமையில் ஒரு பகுதியை வெட்டித் தைக்க வேண்டியதாயிற்று. "மிளகு அளவில் வந்திருந்தால் இவ்வளவு வெட்டியிருக்க மாட்டோம்" என்றாராம் டாக்டர்.

சாதாரண கலேசியனை எடுப்பது சில நிமிட வேலை. இமையை மரக்கச் செய்து உள்பக்கமாகக் கீறி எடுப்பார்கள், அன்றே வீடு திரும்பலாம். திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது. மேற்கொண்டு பார்க்க வேலூரில் சி.எம்.சி.யின் ஷெல் கண் மருத்துவமனையும், 1819-ல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனையும் உள்ளன. எங்கே எடுத்தாலும், "சதையைச் சோதனைக்கு அனுப்புவீர்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அரை நாள் கடை மூடினால் போகும் வியாபாரம் மறுநாள் வரும். கண் வராது.