"நீங்க கேக்கல, நான் சொல்லல": 22 வருஷமா வீடு காட்டும் ஒரு தாம்பரம் புரோக்கர் சொன்ன உண்மைகள்



வேலைக்குச் சேர்ந்து மூணு, நாலு வருஷம் ஆயிருக்கும். சம்பளம் கொஞ்சம் ஏறியிருக்கும். அப்பதான் வீட்டுல ஆரம்பிப்பாங்க. "எத்தனை நாளைக்கு வாடகை கட்டிட்டே இருப்ப? அந்தக் காசுல ஒரு வீட்டை வாங்கிப் போடலாம்ல?" ஞாயிற்றுக்கிழமை பேப்பரைப் பிரிச்சா முழுப் பக்க விளம்பரம். போனைத் திறந்தா "கிளாம்பாக்கத்திலிருந்து பத்தே நிமிடம்". நீங்களும் ஏதோ ஒரு புரோக்கர் நம்பரைச் சேவ் பண்ணி வச்சிருப்பீங்க.

வீட்டுக் கடன், வட்டி, வரிச் சலுகை பத்தியெல்லாம் நம்ம சேனல்ல நிறைய பேசிட்டோம். ஆனா வீட்டைக் காட்டுற ஆளோட பக்கத்தை நாம கேட்டதே இல்லை. எனக்கு வாடகை வீடு பிடிச்சுக் கொடுத்த புரோக்கர் அண்ணன் ஒருத்தர் இருக்கார். தாம்பரம், முடிச்சூர், பெருங்களத்தூர், கூடுவாஞ்சேரி வரைக்கும் அவர் ஏரியா. 22 வருஷமா இதே தொழில். "பேர் மட்டும் போடாதீங்க தம்பி, நாளைக்கும் இதே ஊர்ல நான் தொழில் பண்ணணும்" என்ற ஒரே நிபந்தனையோடு டீக்கடையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசினார்.

முதல்ல, அவருக்கு எப்படி காசு வருது?

வாடகை வீடு என்றால் ஒரு மாத வாடகை. விற்பனை என்றால் பேச்சைப் பொறுத்து ஒரு சதவீதம், இரண்டு சதவீதம். சில நேரம் வாங்குறவர், விற்கிறவர் ரெண்டு பக்கமும் வாங்குவார்கள். 60 லட்ச ரூபாய் ஃபிளாட்டுக்கு ஒரு சதவீதம்னா 60,000 ரூபாய்.

"கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா ஒரு பார்ட்டிக்கு இருபது வீடு காட்டியிருப்பேன். பெட்ரோல் என்னுது, வெயில் என்னுது. கடைசில அவங்க மாமா வழியா வேற வீட்டை முடிச்சுட்டு போனை எடுக்க மாட்டாங்க. உங்களுக்கு ஒண்ணாந் தேதி சம்பளம் வந்துடும். எனக்கு டீல் முடிஞ்சாத்தான் சோறு."

இந்த ஒரு வரியை நல்லா மனசுல வாங்கிக்கோங்க. நீங்க வீடு வாங்கினா அவருக்குக் காசு. "இந்த வீடு வேண்டாம்" என்று அவர் சொன்னால் அன்றைய அலைச்சல் வீண். அவர் நல்லவரா, கெட்டவரா என்பது வேற விஷயம். சம்பளம் வரும் வழியே அவரைப் பேசாம இருக்க வைக்குது.

2015 டிசம்பர்ல நடந்தது

பேசிட்டே இருந்தவர், நான் கேட்காமலே ஒரு கதை சொன்னார்.

2013-ல் ஒரு ஐ.டி. பையனுக்கு முடிச்சூர் பக்கம் ஒரு தனி வீட்டை முடித்துக் கொடுத்தாராம். கல்யாணமாகி ஒரு வருஷம். தரைத்தள வீடு, நல்ல கட்டடம், பத்திரத்தில் ஒரு குறையும் இல்லை. 2015 டிசம்பரில் அடையாற்றில் வெள்ளம் வந்தபோது முடிச்சூர் முழுக்கத் தண்ணீர். தண்ணி வடிஞ்ச பிறகு இவர் போய்ப் பார்த்திருக்கார். ஜன்னல் உயரத்துக்கு மேலே சுவரில் சேற்றுக் கோடு. ஃபிரிட்ஜ் கவிழ்ந்து கிடக்கு. கைக்குழந்தையைப் படகில் கொண்டு போயிருக்காங்க.

"அவன் என்னைத் திட்டல தம்பி. திட்டியிருந்தாக்கூட பரவால்ல. 'அண்ணே, இங்க தண்ணி வரும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?'ன்னு மட்டும் கேட்டான்."

"தெரியுமா?"

"தெரியும். சின்ன வயசுலயே அந்தத் தெருவுல முழங்கால் தண்ணி நின்னதப் பாத்தவன் நான். அவன் கேக்கல, நான் சொல்லல. இப்ப யார் கேக்கலன்னாலும் தண்ணி நின்ன அளவைக் காட்டிட்டுத்தான் வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போறேன். அதுல நாலு டீல் போயிருக்கும். போகட்டும்."

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் தாம்பரம் சுற்று வட்டாரத்தில் பல இடங்கள் மூழ்கின. ஆனால் இன்றைக்கும் எல்லா புரோக்கரும் அந்தக் கோட்டைக் காட்டுவார்கள் என்று நினைக்காதீங்க. ஒரு ஏரியாவின் எந்தத் தெரு மேடு, எந்தத் தெரு பள்ளம் என்பது அங்கேயே சுத்துற ஆளுக்குத் தெரியும். நீங்க கேட்டாத்தான் அந்தத் தகவல் வெளிய வரும். நீங்க கொடுக்கிற கமிஷனில் பாதி அந்தத் தகவலுக்குத்தான்.

அவர் சொன்ன இன்னொரு வழி: வீட்டுக்கு எதிரில் இருக்கும் மளிகைக் கடையில் ஒரு சோடா குடிச்சுட்டே "2015-ல, 2023-ல இங்க எவ்வளவு தண்ணி நின்னுச்சு?" என்று கேளுங்க. கடைக்காரருக்கு கமிஷன் இல்லை. உள்ளது உள்ளபடி சொல்லிடுவார்.

"வரப்போகுது" விலை

கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்டது. ஆனால் அதுக்குப் பல வருஷம் முன்னாடியே வண்டலூர், ஊரப்பாக்கம் பக்கம் விலையில் அது ஏறிவிட்டது என்கிறார் அண்ணன்.

"பஸ் ஸ்டாண்டு வரப்போகுது, மெட்ரோ வரப்போகுதுன்னு சொல்லி விக்கிறோம். வந்த பிறகு கிடைக்கிற வசதிக்கு இன்னிக்கே காசு வாங்கிக்கிறோம். நடுவுல அஞ்சாறு வருஷம் ரோடு தோண்டிக் கிடக்கும். அந்தத் தூசிய நீங்கதான் முழுங்கணும்."

"பத்து நிமிடம்" என்ற விளம்பரத்தை நம்பி ஞாயிற்றுக்கிழமை மதியம் வீடு பார்க்கப் போகாதீங்க. திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு அந்த வீட்டு வாசலில் இருந்து உங்க ஆபீஸ் வரைக்கும் ஒரு தடவை போய்ப் பாருங்க. ஜி.எஸ்.டி. ரோடு உங்களுக்கு உண்மையைச் சொல்லும்.

60 லட்ச வீட்டுக்கு கையில எவ்வளவு வேணும்?

நம்ம ஆளுங்க அதிகம் தடுமாறும் இடம் இதுதான். "லோன் கிடைச்சுடும், 12 லட்சம் கையில இருக்கு, போதும்" என்று வந்து நிற்பார்களாம். கணக்கைப் பார்ப்போம். பழைய ஃபிளாட், விலை 60 லட்சம் என்று வச்சுக்கோங்க.

- ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான வீட்டுக் கடனுக்கு வீட்டு மதிப்பில் 80 சதவீதம் வரைதான் கொடுக்கலாம். ஆக, கடன் 48 லட்சம். உங்க பங்கு 12 லட்சம்.
- முத்திரைக் கட்டணம் 7%, பதிவுக் கட்டணம் 2%. மொத்தம் 9%, அதாவது 5,40,000 ரூபாய். பத்திரச் செலவை வீட்டு மதிப்போடு சேர்த்துக் கடன் வாங்க முடியாது. கையில் இருந்துதான் போகும்.
- புரோக்கர் கமிஷன் ஒரு சதவீதம்: 60,000 ரூபாய்.

கூட்டினால் 18 லட்சம். இதுக்கு மேல வக்கீல் கட்டணம், வங்கியின் பிராசசிங் கட்டணம், பெயின்ட், கபோர்டு எல்லாம் தனி.

பில்டரிடம் முதல் முறையாக வாங்கும் புது ஃபிளாட் என்றால் 2023 டிசம்பரில் இருந்து கணக்கு வேற. 50 லட்சம் வரை முத்திரை, பதிவு ரெண்டும் சேர்த்து 6%. அதுக்கு மேல் 3 கோடி வரை 7%. ஆனால் கட்டிக்கொண்டிருக்கும் 60 லட்ச ஃபிளாட்டுக்கு ஜி.எஸ்.டி. 5% உண்டு, அது மட்டும் 3 லட்சம். கட்டட நிறைவுச் சான்று வாங்கிய பிறகு விற்கும் வீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது.

இன்னொன்னு. வீட்டு விலை 50 லட்சமோ அதுக்கு மேலோ இருந்தால், விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1% டி.டி.எஸ். பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டியது உங்க பொறுப்பு. மறந்தா வட்டியும் அபராதமும் உங்க தலையில்தான்.

48 லட்சம் கடனுக்கு 8.5% வட்டியில் 20 வருஷத்துக்கு இ.எம்.ஐ. சுமார் 41,650 ரூபாய். அதே மாதிரி வீடு அவர் ஏரியாவில் 18,000 ரூபாய் வாடகைக்குக் கிடைக்கும் என்கிறார். வித்தியாசம் 23,650 ரூபாய்.

இங்க அண்ணன் சொன்ன யோசனை எனக்கு ரொம்பப் பிடிச்சது. "வீடு வாங்குறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே இ.எம்.ஐ. கட்ட ஆரம்பிங்க தம்பி. அந்த வித்தியாசத்தை மாசாமாசம் ஆர்.டி.யில போடுங்க. 12 மாசம் ஒரு மாசம்கூட விடாம போட முடிஞ்சா என்கிட்ட வாங்க. நடுவுல மூச்சு முட்டுச்சுன்னா, காசோட தப்பிச்சீங்கன்னு நினைச்சுக்கோங்க." ஒரு வருஷத்தில் அசல் மட்டுமே 2,83,800 ரூபாய் சேர்ந்திருக்கும். பத்திரச் செலவில் பாதி வந்துடும்!

"இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்கு"

இந்த வசனத்தைக் கேட்காதவங்க யாராவது இருக்கீங்களா? நேராவே கேட்டேன். "அண்ணே, அந்த இன்னொரு பார்ட்டி நிஜமாவே இருக்காங்களா?"

சிரிச்சார். "சில நேரம் இருப்பாங்க. பல நேரம் இருக்க மாட்டாங்க. பேப்பரைப் பாக்க ஒரு வாரம் டைம் கொடுக்க மாட்டேங்கிற வீட்டை விட்டுடுங்க. நல்ல வீடு போச்சேன்னு ஒரு மாசம் வருத்தமா இருக்கும். கெட்ட பேப்பரை வாங்கினா ஆயுசுக்கும் வருத்தம்."

அந்த ஒரு வாரத்தில் என்ன செய்யணும்? வில்லங்கச் சான்றை பதிவுத் துறை இணையதளத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். குறைந்தது 30 வருஷத்துக்குப் பாருங்க. தாய்ப் பத்திரத்தில் இருந்து இன்றைய ஓனர் வரை சங்கிலி அறுபடாம வருதான்னு ஒரு வக்கீலிடம் காட்டுங்க. ஒரிஜினல் பத்திரத்தைக் கண்ணால பாருங்க, ஜெராக்ஸ் போதாது. சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. அனுமதி எண், பட்டா, ஃபிளாட் என்றால் நிலத்தில் உங்களுக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு எவ்வளவு என்பதையும் கேளுங்க. ஓனர் காட்டும் வக்கீல் வேண்டாம். புரோக்கர் காட்டும் வக்கீலும் வேண்டாம். "நான் சொல்ற வக்கீலுக்கும் என்னை மாதிரி டீல் முடியணும்" என்று அவரே சொல்றார்.

டோக்கன் அட்வான்ஸை வங்கி வழியாக மட்டும் கொடுங்க. வீட்டு விற்பனையில் 20,000 ரூபாயோ அதுக்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தவறு. ரெரா சட்டத்துக்குள் வரும் புதுத் திட்டம் என்றால், பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் போடாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது.

புரோக்கருக்கும் ரெரா உண்டு

2016-ல் வந்த ரெரா சட்டப்படி, ரெராவில் பதிவாக வேண்டிய திட்டங்களில் வீடோ மனையோ விற்றுக் கொடுக்கும் ஏஜென்ட்டும் பதிவு செய்திருக்க வேண்டும். தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் திட்டத்தின் எண்ணையும், ஏஜென்ட் எண்ணையும் சரிபார்க்கலாம்.

"நானே ரொம்ப நாள் தள்ளிப் போட்டுத்தான் பதிவு பண்ணேன்" என்று ஒத்துக்கொண்டார். "ஆனா பழைய வீடு, வாடகை வீட்டுக்கெல்லாம் அந்த நம்பரால பெரிய பாதுகாப்பு இல்ல. அங்க என் பேச்சுதான் உத்தரவாதம். அதனாலதான் இந்தத் தொழில்ல வாய் சுத்தமா இருக்கணும்."

வாடகைக்கு வர்றவங்களுக்கும் ஒரு விஷயம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரைக்கும் அட்வான்ஸ் மூணு மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. "பத்து மாச அட்வான்ஸ்தான் வழக்கம்" என்று யாராவது சொன்னால், கையெழுத்துப் போடும் முன் பேரம் பேசுங்க.

டோக்கன் கொடுக்கும் முன் புரோக்கரிடம் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. இந்தத் தெருவில் 2015-லயும் 2023-லயும் எவ்வளவு தண்ணி நின்னுச்சு?
2. ஓனர் ஏன் விக்கிறார்? எத்தனை மாசமா விக்கிறார்?
3. இதே தெருவில் கடைசியா எந்த வீடு, எந்த விலைக்குப் பதிவாச்சு?
4. வெயில் காலத்துல குடிதண்ணி எங்க இருந்து வருது? லாரித் தண்ணிக்கு மாசம் எவ்வளவு?
5. சொல்ற சதுரடியில் கார்பெட் ஏரியா எவ்வளவு?
6. நீங்க ஓனர்கிட்டயும் கமிஷன் வாங்குறீங்களா?

ஆறாவது கேள்விக்கு மட்டும் அண்ணன் கொஞ்சம் நெளிந்தார். "அதையும் போடப் போறீங்களா?" என்றார். அப்புறம் அவரே, "போடுங்க, கேக்குறவங்களுக்குச் சொல்லித்தான் ஆகணும்" என்றார்.

கிளம்பும்போது அந்த முடிச்சூர் பையன் இப்ப எப்படி இருக்கார் என்று கேட்டேன். அதே வீட்டில்தான் இருக்காராம். இ.எம்.ஐ. இன்னும் ஓடுது. மாடியில் ஒரு ரூம் கட்டி, நவம்பர் வந்தா முக்கியமான பொருளையெல்லாம் மேலே ஏத்திடுவாங்களாம். "மழை பலமா பேஞ்சா முதல் போன் நான்தான் பண்ணுவேன். 'தண்ணி வருதா தம்பி?'ன்னு கேப்பேன்" என்றார்.

2013-ல் அந்தப் பையன் கேட்க வேண்டிய கேள்வி அது. நீங்க முன்னாடியே கேட்டுடுங்க.